பிரானேசியின் சிறைகள்: செப்புத் தகட்டிலிருந்து புனைகதை வரை ஓர் எளிய அறிமுகம்

இத்தாலியக் கலைஞர் ஜொவான்னி பத்தீஸ்தா பிரானேசியைப் பற்றி (1720–1778) எங்கே பேச்சு எழுந்தாலும் கூடவே ஒரு கதையும் வந்துவிடும். கடுங்காய்ச்சலில் பிதற்றிக் கிடந்தபோது தாம் கண்ட முடிவற்ற படிக்கட்டுகளையும் பாதாளச் சிறைகளையும், காய்ச்சல் தெளிந்து எழுந்ததும் அவர் அப்படியே வரைந்து வைத்தார் என்பதே அந்தக் கதை. இதோடு, ரோம் நகரின் உண்மையான இடிபாடுகளை அவர் வரைந்த படங்களும், எங்கும் இல்லாத கட்டடங்களை அவர் புனைந்த படங்களும் ஒரே வகையாகக் கருதப்படுகின்றன. பேய்க் கோட்டை நாவல்கள் முதல் இன்றைய மிகைபுனைவு வரை எல்லாமே இவரிடமிருந்து பிறந்தவை என்று போகிற போக்கில் சொல்பவர்களும் உண்டு. இவற்றில் எது உண்மை, எது பாதி உண்மை என்று பிரித்தறிய வேண்டுமானால், படங்கள் எப்படி உருவாயின என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். அவருடைய கற்பனை பெரும்பாலும் தகட்டின் மேல், வேலை நடக்கும்போதே வளர்ந்தது என்பதால், தொழில்நுட்பத்தைத் தவிர்த்துவிட்டு அவரைப் புரிந்துகொள்ள முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

அமிலப் பொறிப்பு என்றால் என்ன?

நம் வீடுகளில் பாத்திரம் வாங்கியதும் கடையிலேயே பெயர் வெட்டி வாங்குவது வழக்கம். பல ஆண்டுகள் புழங்கிய பித்தளைக் குடத்தில் அந்தப் பெயரைக் கவனித்துப் பாருங்கள். குடத்தின் மேற்பரப்பு தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். ஆனால் எழுத்தின் பள்ளங்களுக்குள் புகுந்த கரியும் புளிக்கறையும் தேய்ப்பில் போகாமல் தங்கிவிடுவதால், பெயர் மட்டும் கறுப்பாகத் துலங்கும். ஆழமாக வெட்டிய எழுத்து அதிகக் கறுப்பாகவும், மேலோட்டமாக வெட்டியது மங்கலாகவும் தெரியும். அந்தப் பெயரின் மேல் ஈரத் தாளை வைத்துப் பெரும் அழுத்தம் கொடுத்தால் பள்ளத்தில் இருக்கும் கறுப்பு தாளுக்கு ஏறிவிடும் என்று கற்பனை செய்துகொண்டால், பள்ள அச்சு முறையின் அடிப்படை கைக்கு வந்துவிட்டது.

பெயர் வெட்டுபவர் உளியை அழுத்திப் பள்ளத்தை உண்டாக்குகிறார். ஐரோப்பாவில் செப்புத் தகட்டைக் கூரிய எஃகுக் கருவியால் இவ்வாறு நேரடியாகச் செதுக்கிய முறை ஒன்று உண்டு. பிரானேசி முதன்மையாகக் கையாண்டது வேறொரு முறை. எட்சிங் எனப்படும் அந்த முறையை அமிலப் பொறிப்பு என்று அழைப்போம். மெருகேற்றிய செப்புத் தகட்டின் மீது மெழுகும் பிசினும் கலந்த ஒரு பூச்சை மெல்லியதாகப் பரப்புவார்கள். கோடுகள் கண்ணுக்குத் தெரிவதற்காக அந்தப் பூச்சைப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவார்கள். பிறகு கலைஞர் ஊசியால் பூச்சை மட்டும் கீறி வரைவார். உலோகத்தை வெட்ட வேண்டியதில்லை என்பதால், தாளில் பேனா ஓடுவதைப் போலக் கை தடையின்றி ஓடும். வரைந்து முடித்த தகட்டை அமிலத்தில் இட்டால், பூச்சு நீங்கிய இடங்களில் மட்டும் அமிலம் செம்பை அரித்துப் பள்ளமாக்கும்.

இருளும் ஒளியும் உருவாவது இந்தக் கட்டத்தில்தான். சிறிது நேரம் அரிக்க விட்டுத் தகட்டை வெளியே எடுத்து, மங்கலாக இருக்க வேண்டிய கோடுகளை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மறுபடியும் அமிலத்தில் இடுவார்கள். மூடாத கோடுகள் மேலும் ஆழமாகும். இதைப் பலமுறை செய்தால் ஒரே தகட்டில் மயிரிழை போன்ற சாம்பல் கோடும், மை குளம்கட்டி நிற்கும் கன்னங்கரிய பள்ளமும் அடுத்தடுத்து அமையும். தொலைவில் உள்ள வளைவு வெளிறிப் போய், அருகில் உள்ள தூண் கறுத்து நிற்கும் பிரானேசியின் ஆழமான வெளி இப்படித்தான் உருவாகிறது. இறுதியில் பூச்சை அகற்றி, தகடு முழுவதும் மை தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரப்படுத்திய தாளோடு சேர்த்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால் அச்சு கிடைக்கும். தகட்டில் உள்ளதன் இடவலம் மாறிய வடிவமே தாளில் விழும்.

இன்னொரு செய்தியையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தகடு அச்சானதோடு முடிந்துபோவதில்லை. வேண்டாத கோடுகளைச் சுரண்டித் தேய்த்து மெருகிட்டு அழிக்கலாம், மறுபடி பூச்சிட்டுப் புதிய கோடுகளைச் சேர்க்கலாம். இப்படி மாற்றப்பட்ட ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த அச்சுகளை அந்தத் தகட்டின் ஒரு ‘நிலை’ என்பார்கள்.

சுருங்கச் சொன்னால், வரைவது ஊசி, ஆழப்படுத்துவது அமிலம், இருளைத் தீர்மானிப்பது அமிலத்தில் தகடு கிடந்த நேரம். ஒரே தகட்டை ஆண்டுகள் கழித்தும் திருத்தலாம்.

கட்டக் கிடைக்காத கட்டடக் கலைஞர்

பிரானேசி வெனிஸ் குடியரசில், கட்டடக் கல்வேலை செய்தவரின் மகனாகப் பிறந்தார். தாய்மாமன் மத்தேயோ லுக்கேசி, வெனிஸின் நீர்ப்பணித் துறையைச் சேர்ந்த பொறியாளர், கட்டடக் கலைஞர். கடல் அலைகளைத் தடுக்கும் பெருங்கற்சுவர்களையும் அடித்தளங்களையும் பற்றிய பேச்சு அந்தக் குடும்பத்தில் அன்றாடம் புழங்கியிருக்கும். 1740-இல் வெனிஸ் தூதரின் குழுவில் வரைவாளராக ரோம் வந்து சேர்ந்த அவர், காட்சிப் படங்களுக்குப் பெயர்பெற்ற ஜுசெப்பே வாசியிடம் அமிலப் பொறிப்பைக் கற்றார். வாழ்நாள் முழுவதும் தம் பெயருக்குப் பின்னால் ‘வெனிஸ் கட்டடக் கலைஞர்’ என்றே போட்டுக்கொண்டார். ஆனால் கட்டுவதற்கான வாய்ப்புகள் வரவில்லை. அவர் வடிவமைத்துக் கட்டியதாக இன்று நிற்பது, 1764 முதல் 1766 வரை ரோமின் அவென்டைன் குன்றில் அவர் புதுப்பித்த ஒரு தேவாலயமும் அதன் முன்னுள்ள சிறு சதுக்கமும்தான். அவருடைய கல்லறை இருப்பதும் அந்தத் தேவாலயத்தில்தான்.

1743-இல் வெளியான தமது முதல் தொகுப்பின் முன்னுரையிலேயே அவர் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பெரும் கட்டடங்களுக்குச் செலவழிக்கும் புரவலர்கள் இல்லாத காலத்தில், தம் எண்ணங்களை வரைந்து காட்டுவதைத் தவிர ஒரு கட்டடக் கலைஞருக்கு வேறு வழியில்லை என்பது அவர் வாதம். ரோமின் இடிபாடுகள் தம்மிடம் பேசுகின்றன என்றும், எவ்வளவு துல்லியமான வரைபடமும் தராத பிம்பங்களை அவை தம் மனத்தில் நிரப்பிவிட்டன என்றும் அதே முன்னுரையில் எழுதினார். கற்பனைக் கட்டடங்கள் என்னும் வகை அவரிடம் வளர்ந்ததற்கு, வேலையில்லாத ஒரு கட்டடக் கலைஞரின் இந்தத் தவிப்பே முதற்காரணமாக எனக்குப் படுகிறது.

இடிபாடு, ஆய்வு, கற்பனை: மூன்றும் வேறு

அவருடைய படங்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதல் வகை, ‘வெதூத்தா’ எனப்படும் காட்சிப் படம். உண்மையில் இருக்கும் ஓர் இடத்தைக் காட்டுவது இது. ‘ரோமின் காட்சிகள்’ என்னும் வரிசையை ஏறத்தாழ 1748-இல் தொடங்கி, சாகும்வரை சுமார் 135 தகடுகளாக வளர்த்தார். ஐரோப்பாவெங்கும் இருந்து, குறிப்பாக இங்கிலாந்திலிருந்து, ரோமைச் சுற்றிப்பார்க்க வந்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் இவற்றை வாங்கி ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். பண்டைய நகரின் பொதுவெளியாக இருந்த மன்றத்திடல் (ஃபோரம்) அன்று மாடு மேயும் வெளியாக இருந்தது. வெற்றி வளைவுகள் பாதி மண்ணில் புதைந்திருந்தன. ஆகவே படங்களில் தூண்கள் மண்ணுக்குள் அமிழ்ந்து நிற்பது மிகையன்று. மிகையானது அளவுதான். பார்வைக் கோணத்தைத் தரையோடு தாழ்த்துவார், கட்டடத்தைச் சாய்கோணத்தில் நிறுத்துவார், அதன் மேல்முனை தாளின் விளிம்பை முட்டும்படி வைப்பார், அடியில் கந்தலுடுத்திய குட்டி மனிதர்களைக் கைநீட்டிப் பேச வைப்பார். கற்களைப் பிழையாக வரையாமலேயே பார்ப்பவரைச் சுருக்கிவிடுவார். இந்தப் படங்களை அறிந்திருந்த ஜெர்மானியக் கவிஞர் கொய்தே, ரோமுக்கு நேரில் வந்து குளியல் மாளிகைகளின் இடிபாடுகளைக் கண்டபோது, பிரானேசியின் படங்கள் ஊட்டிய எதிர்பார்ப்பை அவை நிறைவு செய்யவில்லை என்று எழுதினார். காட்சிப் படத்தைப் புகைப்படமாக நினைத்தால் இந்த ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இரண்டாம் வகை, தொல்லியல் ஆய்வு. 1756-இல் நான்கு தொகுதிகளாக வந்த ‘ரோமானியத் தொல்பொருட்கள்’ இதில் தலையாயது. தோட்டங்களிலும் வயல்களிலும் கிடந்த பழங்கட்டடங்கள் நாளுக்கு நாள் அழிவதையும், நில உடைமையாளர்கள் கற்களைப் பெயர்த்து விற்பதையும் கண்டு, படத்திலாவது அவற்றைக் காக்க முனைந்ததாக அவர் சொல்கிறார். சுவரின் குறுக்குவெட்டு, அடித்தளத்தின் கட்டுமானம், கல்லைத் தூக்கிய கருவிகள் என்று ஒரு பொறியாளரின் ஆர்வத்தோடு விளக்கும் படங்கள் இவை. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத பகுதிகளை ஊகித்து நிரப்பும்போது கை தானாகப் பெரிதுபடுத்திவிடுகிறது. ஹேட்ரியன் பேரரசரின் கல்லறைக் கட்டடத்து அடித்தளம் அவர் தகட்டில் ஒரு மலையடிவாரம் போல எழுந்து நிற்கிறது.

மூன்றாம் வகை, முழுக் கற்பனை. ‘கப்ரிச்சோ’ என்று இதை அழைத்தார்கள். உலகில் இல்லாத கட்டடங்களை இருப்பது போலக் காட்டுவது இது. இவ்வகையின் உச்சமே ‘கற்பனைச் சிறைகள்’.

சிறைகளின் இரண்டு உயிர்கள்

சிறைகள் முதலில் வந்தது 1750-ஐ ஒட்டி, பதினான்கு தகடுகளாக. அப்போது அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த முதல் நிலை அச்சுகளைக் காண்பவர்களுக்குச் சிறு வியப்பு காத்திருக்கும். அவை இருண்டவை அல்ல. கோடுகள் விரைவாக, அவசரக் குறிப்பு போல ஓடுகின்றன. தாளின் வெண்மை எங்கும் தெரிகிறது. வானளாவிய வளைவுகள், மரப் பாலங்கள், தொங்கும் கயிறுகள், கப்பிகள் எல்லாம் இருந்தாலும் காற்றோட்டமும் இருக்கிறது.

1761-இல் அதே தகடுகளை எடுத்து மறுபடி வேலை செய்தார். புதிதாக இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பதினாறாக வெளியிட்டார். இன்று பலரும் ‘பிரானேசியின் சிறைகள்’ என்று மனத்தில் வைத்திருப்பது இந்த இரண்டாம் வடிவத்தைத்தான். முன்பு வெறுமையாக இருந்த இடங்களில் புதிய படிக்கட்டுகளும் பாலங்களும் முளைத்தன. கோடுகளை அடர்த்தியாக்கி, மீண்டும் மீண்டும் அமிலத்தில் அரிக்கவிட்டு நிழலைக் கனமாக்கினார். சங்கிலிகளும் முள் பதித்த சக்கரங்களும் பெருகின. இவற்றோடு, ரோமானிய வரலாற்றைச் சுட்டும் கல்வெட்டு வாசகங்களையும் சேர்த்தார். இறுதித் தகட்டில், பெருகிவரும் துணிச்சலை அச்சுறுத்துவதற்காக எழுப்பியது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி பண்டைய ரோமின் சிறையைப் பற்றி எழுதிய சொற்களைக் காணலாம். கிரேக்கர்களிடமிருந்து கடன் வாங்காமலேயே ரோமானியர்கள் மாபெரும் கட்டடக் கலையை உண்டாக்கினார்கள் என்று அதே 1761-இல் ஒரு நூல் முழுக்க வாதாடியவர் அவர். சிறைகளின் இரண்டாம் பதிப்பும் அந்த வாதத்தின் நிழலில் உருவானதுதான்.

பதினான்காம் தகட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நடுவே படிக்கட்டு ஒன்று மேலேறுகிறது. அதன் இருமருங்கிலும் பருத்த தூண்கள். தூண்களின் அடிப்பகுதியை மட்டும் பார்த்தால் அவை ஒரே வரிசையில் நிற்பதாகத் தோன்றும். கண்ணை மேலே கொண்டுபோய் அவை தாங்கும் வளைவுகளைப் பார்த்தால் ஒன்று முன்னாலும் இன்னொன்று பின்னாலும் இருக்க வேண்டும் போலாகிவிடும். இடையில் எங்கே ஏமாந்தோம் என்று கண்டுபிடிப்பது எளிதன்று. இத்தகைய கட்டடத்தை எவரும் கட்ட முடியாது, ஆனால் ஒவ்வொரு கல்லும் ஒரு கொத்தனாரின் அறிவோடு வரையப்பட்டிருக்கிறது.

இந்த வெளிக்கு ஒரு பூர்வகதையும் உண்டு. அன்றைய இசை நாடக மேடைகளில் சிறைக் காட்சி வழக்கமான ஒன்று. மேடை வடிவமைப்பாளர்களான பிபியேனா குடும்பத்தார் மேடைத் திரைகளில் ‘கோணக் காட்சி’ என்னும் உத்தியைப் பரப்பியிருந்தார்கள். கட்டடத்தை நேருக்கு நேர் வைக்காமல் மூலையைப் பார்வையாளர் பக்கம் திருப்பி நிறுத்தினால், இருபக்கமும் சுவர்கள் சாய்ந்து விலகி, முடிவு தெரியாமல் மேடைக்கு வெளியே போய்விடும். சிறிய மேடையில் பெரிய அரண்மனையைக் காட்ட உதவிய தந்திரம் இது. இளமையில் காட்சிமுறை வரைதலைப் பயின்ற பிரானேசி, 1743 தொகுப்பிலேயே ‘இருண்ட சிறை’ என்றொரு படத்தை இந்த மரபில் செய்திருக்கிறார்.

ஆக, சிறைகளுக்குப் பின்னால் இருப்பவை மேடைக் காட்சியின் கோணம், ரோமின் பெருங்கற்கள், பத்தாண்டு இடைவெளியில் ஒரே தகட்டுக்குத் திரும்பிவந்து உழைத்த கை ஆகியவை. ஒரே இரவின் பிதற்றலுக்கு இதில் இடம் எங்கே இருக்கிறது?

காய்ச்சல் கதை எங்கிருந்து வந்தது?

கதை பரவிய வழியைச் சுட்டிக்காட்ட முடியும். ஆங்கில எழுத்தாளர் தாமஸ் டி குவின்சி 1821-இல் ஓர் இதழில் வெளியிட்ட ‘ஓர் ஆங்கில அபின் உண்பவனின் வாக்குமூலங்கள்’ என்னும் நூலில் ஒரு பத்தி வருகிறது. தாம் பிரானேசியின் ரோமானியத் தொல்பொருட்கள் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற கவிஞர் கோல்ரிட்ஜ், ‘கனவுகள்’ என்ற பெயரில் அதே கலைஞர் செய்த வேறொரு வரிசையைப் பற்றிச் சொன்னதாகவும், காய்ச்சல் பிதற்றலில் கண்ட காட்சிகளின் பதிவே அது என்றும் டி குவின்சி எழுதுகிறார். கோல்ரிட்ஜ் சொன்னதன் நினைவிலிருந்தே விவரிப்பதாகவும் ஒளிக்காமல் குறிப்பிடுகிறார்.

விவரிப்பு அற்புதமானது. பரந்த கோதிக் (இடைக்கால ஐரோப்பியக் கூர்வளைவுப் பாணி) மண்டபங்கள், சக்கரங்கள், வடங்கள், கப்பிகள். சுவரோரமாக ஒரு படிக்கட்டு, அதில் தடவித் தடவி ஏறுபவர் பிரானேசியே. படிக்கட்டு கைப்பிடியின்றித் திடீரென முடிந்துவிடுகிறது. அவர் கதை முடிந்தது என்று நினைத்துக் கண்ணை உயர்த்தினால், இன்னும் மேலே வேறொரு படிக்கட்டு, அதன் விளிம்பிலும் அவரே. மறுபடி உயர்த்தினால் அங்கேயும் அவர். கடைசியில் முடிவுறாத படிகளும் அவரும் சேர்ந்து மண்டபத்தின் மேலிருட்டில் மறைகிறார்கள்.

இனி அச்சுகளோடு ஒப்பிடுவோம். வரிசையின் பெயர் ‘கனவுகள்’ அல்ல. மண்டபங்கள் கோதிக் பாணியைச் சேர்ந்தவை அல்ல, பெரும்பாலும் ரோமானியக் கட்டுமானத்தின் பெருக்கம். ஒரே மனிதர், அதுவும் பிரானேசியே, படிக்குப் படி மறுபடி தோன்றும் தகடு எதுவும் இல்லை. கேட்டதை நினைவில் வைத்து எழுதியதில் விவரங்கள் மாறிவிட்டன. ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு நடந்துவிட்டது. அச்சில் எல்லாப் படிக்கட்டுகளும் ஒரே கணத்தில் இருக்கின்றன. டி குவின்சி அவற்றில் ஒரு மனிதனை ஏற்றிவிட்டு, ‘பிறகு’, ‘மறுபடியும்’ என்னும் காலத்தைச் சேர்த்துவிட்டார். படம் கதையானது அந்த இடத்தில்தான். தம் கனவுகளிலும் கட்டடங்கள் இதே போல முடிவின்றி வளர்ந்து தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டன என்று அவர் அடுத்துச் சொல்வது, இந்தக் கண்டுபிடிப்பின் நேரடித் தொடர்ச்சி.

இந்த நூலை 1828-இல் இளைஞரான ஆல்ஃப்ரெட் தெ முஸ்ஸே தாராளமான மாற்றங்களோடு பிரெஞ்சில் பெயர்த்தார். 1860-இல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் இதையே விரிவாக எடுத்தாண்டார். விக்தோர் ஹியூகோவின் கவிதைகளிலும் பிரானேசி கனவு காண்பவராகவே வருகிறார். காய்ச்சல் கதை இலக்கியத்தின் வழியாகவே நிலைபெற்றது. அதற்குப் பிறகு படங்களைப் பார்த்தவர்களும் அந்தக் கதையின் கண்ணாடி வழியாகவே பார்த்தார்கள்.

செல்வாக்கு எது, சாயல் எது?

ஒரு கதையில் முடிவற்ற படிக்கட்டு வந்தாலே பிரானேசியின் செல்வாக்கு என்று சொல்லிவிடுவது எளிது. எழுத்தாளர் தாமே எழுத்தில் பெயர் சொல்லியிருந்தால் அதைச் செல்வாக்கு எனலாம். பெயர் சொல்லாமல் ஒற்றுமை மட்டும் இருந்தால் சாயல் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ஆங்கில எழுத்தாளர் வில்லியம் பெக்ஃபோர்ட் முதல் வகையைச் சேர்ந்தவர். வெனிஸில் சிறைக்கு இட்டுச் செல்லும் பெருமூச்சுப் பாலத்தின் அடியே படகில் சென்றபோது சிறைகளை நினைத்து நடுங்கியதையும், உடனே பென்சிலை எடுத்துப் பாதாளக் குகைகளையும் சங்கிலிகளையும் வதைக் கருவிகளையும் பிரானேசியின் பாணியில் வரைந்ததையும் தமது பயண நூலில் அவரே சொல்கிறார். பின்னர் 1786-இல் வெளியான அவருடைய ‘வாதெக்’ நாவலின் முடிவில், சாத்தானான இப்லீஸின் பாதாள மண்டபங்களுக்குள் படிக்கட்டில் இறங்கும் பகுதியை வாசிப்பவர்களுக்கு அந்தப் பென்சில் படம் எங்கே போனது என்று தெரிந்துவிடும்.

இன்னோர் ஆங்கில எழுத்தாளரான ஹொரஸ் வால்போலின் நிலை சற்று வேறு. கோதிக் நாவலின், அதாவது பேய்க் கோட்டை நாவலின், தொடக்கமாகக் கருதப்படும் ‘ஒட்ராண்டோ கோட்டை’ 1764-இன் இறுதியில் வெளிவந்தது. ஒரு கோட்டையின் பெரிய மாடிப்படியின் உச்சியில் கவசமணிந்த பிரம்மாண்டமான கையைக் கனவில் கண்டதிலிருந்து அது பிறந்ததாக அவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1771-இல் பிரானேசியின் கனவுகளை வானளாவப் புகழ்ந்ததும் அவரே. இந்த இரண்டையும் இணைக்க ஆசை வரும். ஆனால் கடிதத்தில் பிரானேசியின் பெயர் இல்லை. அவர் அச்சுகளை மதித்தார் என்பது உறுதி, நாவல் அவற்றிலிருந்து பிறந்தது என்பது ஊகம்.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் ‘சாகாவரம் பெற்றவன்’ (1947) கதையில் வரும் நகரத்தில், எங்கும் போகாத தாழ்வாரங்களும், தலைகீழாகத் தொங்கும் படிக்கட்டுகளும் இருக்கின்றன. அவருடைய புவெனஸ் ஐரிஸ் வீட்டுச் சுவரில் பிரானேசியின் அச்சுகள் தொங்கியது உண்மை. கதையில் பெயர் சொல்லப்படவில்லை. இதை வலுவான சாயல் என்பேன்.

ஆங்கில எழுத்தாளர் சுசன்னா கிளார்க்கின் 2020 நாவலுக்குத் தலைப்பே ‘பிரானேசி’. எண்ணற்ற மண்டபங்களும் சிலைகளும் நிறைந்த, கீழ்த்தளத்தில் கடல் அலையடிக்கும், மேல்தளத்தில் மேகம் தவழும் ஒரு வீட்டுக்குள் வாழும் மனிதனை இன்னொருவர் அந்தப் பெயரால் அழைக்கிறார். அந்த மனிதன் வீட்டை நேசிக்கிறான், அளந்து குறிப்பெடுக்கிறான், அதன் அருளுக்கு நன்றி சொல்கிறான். இருநூறு ஆண்டுகளாகச் சிறைகளில் அச்சத்தை மட்டுமே வாசித்துவந்த மரபில் இது பெரிய திருப்பம். பழங்கற்களை அளந்து அளந்து பதிவுசெய்த உண்மையான பிரானேசிக்கு, அபின் கனவில் ஏறும் பிரானேசியைவிட இந்த மனிதன்தான் நெருக்கமானவன் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வெழுத்தாளர்கள் அச்சுகளிலிருந்து எடுத்துக்கொண்டவற்றில் முதன்மையானது, வெளிப்புறம் இல்லாத கட்டடம் என்னும் எண்ணம். சிறைகளின் எந்தத் தகட்டிலும் வளைவுகளும் பாலங்களும் தாளின் விளிம்போடு முடிவதில்லை, விளிம்பால் வெட்டப்படுகின்றன. உள்ளே இருப்பவர்கள் தப்பிக்க முயல்வதாகவும் தெரியவில்லை. ஏதோ வேலையாக நடக்கிறார்கள், குனிகிறார்கள், சுட்டிக்காட்டுகிறார்கள். அவர்கள் யார், எதற்காக அங்கே இருக்கிறார்கள் என்று படம் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் கதைசொல்லிகள் நுழைந்தார்கள்.

எங்கே தொடங்கலாம்?

பிரானேசியின் செப்புத் தகடுகளில் பெரும்பாலானவை இன்று ரோமில் உள்ள இத்தாலிய அரசின் வரைகலை நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. சிறைகளின் அச்சுகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடமும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கத் தந்திருக்கின்றன. புதிதாகப் பார்ப்பவர்கள் ஏழாம் தகட்டை எடுத்துக்கொள்ளலாம். பருத்த தூணைச் சுற்றி ஏறும் சுழல் படிக்கட்டும் தூக்குப்பாலமும் கொண்ட படம் அது. முதல் நிலையையும் 1761 நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் நிழல்களை மட்டும் ஒப்பிடுங்கள். அடுத்து, இரண்டாம் நிலையில் புதிதாக முளைத்த பாலங்களையும் படிகளையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அதன் பிறகு டி குவின்சியின் அந்த ஒரு பத்தியைப் படித்தால், அவர் எங்கே படத்தை விட்டு விலகித் தம் கதையைத் தொடங்கினார் என்பது வரிக்கு வரி புலப்படும்.